மடை, புளியமரம், கலிங்கு

கயிற்றில் ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு. நான் மூன்று மீட்டரோடு நின்றுவிட்டேன். முழங்கைக்குக் கீழே இருந்தது என் கையாகவே இல்லை. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு மேலே போக, நான் கீழே வந்தேன்.

அது 2012, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. அதற்கு முன்பு நடந்த ஓட்டத்தில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நான் ஐந்தேகால் நிமிடத்தில் முடித்து, மூச்சு அடங்கி, மற்றவர்கள் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அந்த ஓட்டம் தகுதிக்கு மட்டும்தான். மதிப்பெண்ணெல்லாம் கயிற்றிலும் தாண்டுதலிலும் குறுகிய ஓட்டத்திலும் இருந்தது. கயிற்றில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டியல் வந்தபோது அதில் என் பெயர் இல்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓடுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்வது ஆலங்குடியைத் தாண்டி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என்று செம்மண்ணும் பலாவும் தென்னையுமாகக் கிடக்கும் பகுதியை. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் கத்தக்குறிச்சி சாந்தி 800 மீட்டரில் வெள்ளி வாங்கியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர்களின் மகள், எங்கள் மாவட்டத்துக்காரர் என்று செய்தி வந்ததும், மறுநாள் காலையில் ரோட்டில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு அந்தப் பதக்கத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள். அந்த வயதில் ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. புரிந்த வயதில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஓடுவதை விடவில்லை. செருப்பில்லாமல் ஓடலாம், மைதானம் இல்லாமல் ஓடலாம், யாரையும் கேட்காமல் ஓடலாம்.

கைதான் விட்டுப்போயிருந்தது. எங்கள் அப்பத்தா காலத்து ஆண்கள் ஏற்றம் இறைத்தார்கள், பனை ஏறினார்கள், இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தண்டாலும் பஸ்கியும்கூட எங்களுக்குத் தண்டனையாகத்தான் அறிமுகமாயின. கிணற்றில் மோட்டார் வந்து, வாளிக்கயிறும் போன பிறகு, எங்கள் கை எதையும் இழுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வளர்ந்துவிட்டது. கயிற்றில் தொங்கிய அந்த நிமிடத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது.

பட்டியல் வந்த வாரம் ஊரில் ஒளிந்து திரிந்தேன். காலையில் மட்டும் குளக்கரையில் ஓடுவேன், அதை விட முடியவில்லை. எங்கள் குளத்தின் கரை ஒன்றேகால் கிலோமீட்டர். தெற்கு முனையில் அய்யனார் கோயில். குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் நிற்கும் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் குதிரையைப் போல ஆகாயத்தைத் தொடுவது அல்ல எங்கள் குதிரை. இடுப்பளவு மண்குதிரைகள், வரிசையாக. அங்கே வேப்பமரத்தடியில் பட்டாளத்தார் உட்கார்ந்திருப்பார். ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குச் சித்தப்பா முறை. அன்றைக்கு நான் திரும்பி வரும்போது எழுந்து நின்று கையைக் காட்டினார். உள்ளங்கையைக் கேட்கிறார் என்று புரிந்து நீட்டினேன். உரிந்த தோலைப் பார்த்தார்.

"கயிறா?"

"ஆமா சித்தப்பு."

"நாளைக்கு ஓடிட்டு வரும்போது நடுவுல நிக்கணும். நான் எங்க நிக்கிறனோ அங்க நிக்கணும்."

மறுநாள் மடையடியில் நின்றார். மடைக்கட்டையின் சுவர் இடுப்பு உயரம். ஓடி வந்தவனை நிற்க வைத்து, சுவரின் விளிம்பில் கையை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொன்னார். பதினைந்து எடுத்தேன். அதை முடித்ததும் "ஓடு" என்றார். முந்நூறு மீட்டர் தாண்டிப் புளியமரம். மூச்சு இறைத்துக்கொண்டு போய் நின்றேன். ஒரு நிமிஷம் இளைப்பாறிவிட்டுத் தொங்கலாம் என்று இடுப்பில் கைவைத்ததும் பின்னாலேயே சைக்கிளில் வந்தவர் சத்தம் போட்டார். "மூச்சு வாங்க வாங்கப் பிடிடா அப்பு. இளைப்பாறிட்டுத் தொங்குனா அது ஊஞ்சல்."

எட்டு மாதம் அவர் எனக்குச் சொல்லித்தந்த அத்தனையும் அந்த ஒரு பேச்சில் அடக்கம். ஓடி முடித்து, வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டுத் தண்டால் எடுப்பது வேறு. ஓட்டத்தின் நடுவே, ரத்தமெல்லாம் காலுக்கு ஓடியிருக்கும்போது, நெஞ்சு மேலும் கீழும் அடிக்கும்போது, கையைக் கூப்பிட்டு வேலை வாங்குவது வேறு. அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்க முடியாது, கண் இருட்டும். விட்டுக்கொண்டே தூக்கப் பழக வேண்டும். கையை விட்டுவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும்போது முதல் ஐம்பது மீட்டர் கால் மரக்கட்டையாக இருக்கும். பிறகு தானாக இளகும். அந்த இளகலை உடம்பு கற்றுக்கொள்ளத்தான் இத்தனையும் என்பார்.

புளியமரத்துக் கிளை என் பிடிக்குள் அடங்கவில்லை, அவ்வளவு பருமன். கட்டைவிரல் சுற்றி வராது. அதுதான் நல்லது என்றார். பருமனைப் பிடித்துப் பழகிய கைக்குக் கயிறு நூல் மாதிரி இருக்கும். முதல் வாரம் வெறுமனே தொங்கினேன், அதுவும் இருபது எண்ணுவதற்குள் விழுந்தேன். தூக்கவே முடியவில்லை. அவர் ஒரு செம்புறாங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து கிளைக்கடியில் போட்டார். அதன்மேல் ஏறி நின்று, தாடை கிளைக்கு மேலே வரும்படி பிடித்து, காலை மடக்கிக்கொண்டு, பத்து எண்ணும் வரை மெல்ல மெல்ல இறங்க வேண்டும். ஏற வேண்டாம், இறங்கினால் போதும். தசைக்குத் தூக்கும் சக்தியைவிட இறக்கும்போது தாங்கும் சக்தி அதிகம். அதனால் ஒருமுறைகூடத் தூக்க முடியாதவனும் தன் முழு எடையை இறக்க முடியும், இறக்கி இறக்கியே தூக்கக் கற்றுக்கொள்ள முடியும். இந்த விளக்கமெல்லாம் நான் பிற்காலத்தில் படித்தது. அவர் சொன்னது: "பனையில ஏறுறவன விட எறங்குறவன்தான்டா பலசாலி."

இறங்கப் பழகிய முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் கை பிரிந்துவிடும். இரண்டாம் மாதம் பத்து எண்ணினேன். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் கல்லில் ஏறாமலேயே பிடித்து இழுத்தேன். முகத்துக்கு நேரே புளியம்பட்டை கீழே இறங்கி, கிளையின் மேல்பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசை தெரிந்தது. மூன்று மாதம் அடியிலிருந்தே பார்த்த கிளையின் மேல்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புளியமரத்திலிருந்து, குளம் நிறைந்தால் தண்ணீர் வழியும் கலிங்குக்கு. கலிங்கின் படிக்கல் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். வலக்கால் இருபது, இடக்கால் இருபது என்று ஏறி இறங்க வேண்டும். பிறகு கரை முனையில் கிடந்த பனங்கட்டைமேல் கைவிரித்து நடக்க வேண்டும், விழாமல். மறுபடி மடை. இப்போது கை கீழே, கால் சுவர்மேல். தண்டாலில் தரையில் கை ஊன்றினால் உடம்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும். கையை மேட்டில் வைத்தால் குறையும், காலை மேட்டில் வைத்தால் கூடும். ஒரே சுவரில் பத்து வயதுப் பையனுக்கும் பட்டாளத்துக்குப் போகிறவனுக்கும் வேலை இருக்கிறது என்று அவர் காட்டினார். ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன்கள் நாலைந்து பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால் 60 மதிப்பெண், பீமில் பத்து எடுத்தால் 40. புளியமரக் கிளைக்கு அவர்கள் வைத்த பெயரும் பீம்தான்.

மறுபடி கயிறு ஏற எனக்கு வாய்ப்பு வரவில்லை. வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய பழைய கடன். 2013இல் எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். சிங்கப்பூருக்குப் போனேன்.

காக்கி புக்கிட்டில் தங்குமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. மற்றவர்கள் தேக்காவுக்குக் கிளம்புவதற்கு முன்பே எழுந்து ஓடிப் போய்விடுவேன். முதல் ஞாயிறு திசை தெரியாமல் ஓடி, பெடோக் நீர்த்தேக்கத்தின் கரையில் போய் நின்றேன். காலை வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கரையும் தண்ணீரும் கரைமேல் பாதையும், எங்கள் குளம்தான். ஒரு காலத்தில் மணல் தோண்டிய குழியாம் அது, 1986இல் நீர்த்தேக்கமாயிற்று. சுற்றிவர 4.3 கிலோமீட்டர். பாதையோரத்தில் கம்பிகள், சாய்பலகை, ஏறி இறங்கும் கட்டை, பக்கத்தில் எப்படிச் செய்வது என்று படம் போட்ட பலகை. ஓடி வருகிறவர்கள் நிற்கிறார்கள், கம்பியைப் பிடிக்கிறார்கள், விட்டுவிட்டு ஓடுகிறார்கள். மடை, புளியமரம், கலிங்கு எல்லாவற்றையும் ஒரு அரசாங்கம் இரும்பில் செய்து வைத்திருந்தது.

அப்போது அந்த ஊர் இளைஞர்களின் ராணுவ உடற்தகுதித் தேர்வில் கம்பி எடுத்தல் உண்டு. 2015இல் அதை மாற்றித் தண்டால், வயிற்றுப் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்றாகக் குறைத்தார்கள். தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் கம்பியடியில் கூட்டமாக நிற்பார்கள். ஒரு ஞாயிறு நான் இரண்டாம் சுற்றில் மூச்சிரைக்க வந்து பன்னிரண்டு எடுத்தேன். தமிழ்ப் பையன் ஒருவன் கிட்டே வந்தான்.

"அண்ணே, எங்க டிரெயின் பண்ணீங்க?"

"ஊர்ல. புளியமரத்துல."

அவன் சிரிக்கவில்லை. எப்படி என்று கேட்டான். அந்தக் கம்பியடியில், கல்லுக்குப் பதிலாக ஏறுகட்டையை இழுத்துப் போட்டு, பத்து எண்ணி இறங்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். பட்டாளத்தார் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

இப்படி ஓட்டப்பாதையில் உடற்பயிற்சி நிலையங்கள் வைக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று பிறகு தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரத்தை ஒட்டிய காட்டில். அங்கே ஓடப் போன உடற்பயிற்சி மன்றத்து ஆண்கள், வெட்டிப் போட்ட மரக்கட்டைகளையும் கிளைகளையும் வைத்துத் தூக்குவதும் தாண்டுவதும் தொங்குவதுமாக இருந்திருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்த யோசனைக்கு வீட்டா என்ற காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தது. 1968இல் முதல் பாதை திறந்தது. அந்த நிறுவனத்தின் பெயராலேயே வீட்டா பார்க்கூர் என்றார்கள். பொதுவாக ஒரு பாதைக்கு 15 நிலையங்கள். இன்றைக்கு அந்தச் சின்ன நாட்டில் சுமார் 500 பாதைகள். படித்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? அந்த நாட்டிலும் இரும்புக்கு முன்னால் மரம்தான் இருந்திருக்கிறது. கிடந்த கட்டையில்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியைத் துவைத்துப் போட்டது. ஊருக்கு இரண்டு நாள் போன் போகவில்லை. ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தேன். எங்கள் அறுபது தென்னையில் ஏழு நின்றது. அப்பா மரங்களைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை, ரோடெல்லாம் மரம். மரத்தை அறுத்து, உருட்டி, பாதை திறந்தது ஊர்ப் பிள்ளைகள்தான். மூன்றடித் தென்னந்துண்டு ஒரு மூட்டை நெல்லுக்குக் குறையாது. பச்சை மரம், ஈரம் குடித்தது. புளியமரத்தில் தொங்கிய அந்த நாலைந்து பேரில் இரண்டு பேர் அப்போது ஊரில் இருந்தார்கள். நாங்கள் மூவரும் ஒரு துண்டுக்கு இரண்டு பேராக, மாறி மாறி, இருட்டும் வரை தூக்கினோம். ஜோர்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியைப் பற்றிப் படித்தது அந்த நாட்களில் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. 1902இல் மார்த்தினிக் தீவில் எரிமலை வெடித்தபோது மக்களை மீட்கும் வேலையில் இருந்தவர். உடம்பின் பலம் அடுத்தவருக்கு உதவத்தான் என்ற எண்ணம் அதிலிருந்து அவருக்கு வேர் பிடித்தது. ஓடுவது, ஏறுவது, சுமப்பது, தாண்டுவது என்று இயற்கையான அசைவுகளைக் கொண்டே ஒரு பயிற்சி முறையை உண்டாக்கினார். தடைகள் வைத்த ஓட்டப் பாதைகளுக்கெல்லாம் அவர் ஒரு தாத்தா.

புயலில் எங்கள் புளியமரமும் பாதி போயிற்று. பீம் கிளை முறிந்து குளத்துக்குள் கிடந்தது. பட்டாளத்தார் அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். அவர் இல்லையென்பதை அந்த முறிந்த கிளையைப் பார்த்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

நான் சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை. மறு வருடம் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சொந்தக் காசு போட்டுக் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினார்கள். எங்கள் குளத்திலும் வேலை நடந்து, கரை உயர்ந்து அகலமாகி, கருவேல முள் போய், இரண்டு பேர் சேர்ந்து ஓடும்படி ஆயிற்று. விலைபோகாத தென்னங்கட்டைகள் வயலோரமெல்லாம் கிடந்தன. அவற்றில் நல்லதாகப் பார்த்து இருநூறு மீட்டருக்கு ஒன்றாகக் கரையோரம் போட்டோம். ஒன்று தாண்ட, ஒன்று தோளில் வைத்துப் பஸ்கி எடுக்க, ஒன்று தண்டாலுக்கு.

அது நிலைக்கவில்லை. ஒரு பெரியவர் கரைக்கு வந்து கட்டையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத இப்புடியே போட்டா காண்டாமிருக வண்டு வரும். நிக்கிற நாலு மரத்தயும் தின்னுரும்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மக்கும் தென்னங்கட்டைதான் அந்த வண்டு முட்டையிடும் இடம், வளர்ந்த வண்டு உயிரோடிருக்கும் மரத்தின் குருத்தைக் குடையும். மழைக்கு முன்பே எல்லாக் கட்டையையும் எரித்தோம். அதற்குப் பதில் பனங்கட்டை இரண்டு, செம்புறாங்கல் ஆறு. பீம் கிளை இருந்த இடத்தில் வேலிக்கு நடுகிற கல்தூண்களை ஊன்றி, ஒன்றேகால் இஞ்சு ஜி.ஐ. பைப்பை ஏழரை அடி உயரத்தில் ஒன்றும் ஆறடியில் ஒன்றுமாகப் பொருத்தினோம். கீரமங்கலத்துப் பட்டறைக்காரர் கூலி வாங்கவில்லை, அவர் மகனும் ஓடுகிறவன்.

எதற்குத் திறந்த கரையில், ஒரு கட்டடம் கட்டி உள்ளே வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கட்டடத்துக்குப் பூட்டு உண்டு, பூட்டுக்குச் சாவி உண்டு, சாவி வைத்திருப்பவர் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அதைவிட, ஓட்டத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போகிறவனுக்குப் பட்டாளத்தார் சொன்ன அந்த மூச்சு அடங்கிவிடும். 2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள், எட்டுக் கிலோமீட்டர் நடந்தால் பத்தாயிரம் அடி என்ற கணக்கில். நல்ல காரியம். அந்தப் பாதைகளில் அரை கிலோமீட்டருக்கு ஒரு கம்பியும் ஒரு திண்டும் வைத்தால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன். இருமுனையிலும் கல்தூண் ஊன்றிய பைப்புக்கு ஆகிற செலவு எனக்குத் தெரியும்.

இப்போது கரையில் காலையில் பதினெட்டு இருபது பேர். பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். அக்கா மகள் காவலர் தேர்வுக்கு ஓடுகிறாள். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அவளுக்கு அது தூசு. பெண்களுக்குக் கயிறு கிடையாது, ஆனாலும் தாழ்ந்த பைப்பில் தினமும் தொங்குகிறாள், கல்லில் ஏறிப் பத்து எண்ணி இறங்குகிறாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"தேர்வுலதான் இல்லையே, பொம்பளப் புள்ள எதுக்குடி தொங்கணும்?"

"கெணத்துல விழுந்தா நீயா வந்து தூக்குவ? நானேதான ஏறணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் குளம் நிறைந்து, கலிங்கு வழிந்தது. படிக்கல்லில் தண்ணீர் புரண்டதால் அந்த நிலையத்தை விட்டுவிட்டு ஓடினோம். தூறலில் பைப் வழுக்கும், இன்றைக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் துண்டால் பைப்பைத் துடைத்துவிட்டுப் பிடித்தாள். கல்லில் ஏறவில்லை. முழங்கை மடங்கியது, நின்றது, நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தாள். தாடை பைப்புக்கு மேலே வந்து, ஒரு கணம் குளத்தைப் பார்த்தது.

"ஒண்ணு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, கலிங்குத் தண்ணீர் அப்படிச் சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தால், அவள் அதற்குள் கீழே குதித்து, ஈரக்கரையில் மடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.